சாணமும் ஈயும்: ஆஸ்திரேலிய மேய்ச்சல் நிலங்களில் ஈக் கட்டுப்பாட்டின் வரலாறு

முன்னுரை

கால்நடை வளர்ப்பின் வரலாற்றை எழுதுவோர் இனவிருத்தி, தீவனம், பால், இறைச்சி, தோல் ஆகியவற்றுக்குத் தரும் இடத்தை ஈக்குத் தருவதில்லை. ஆயினும் மேயும் மாட்டின் நாள்முழுதும் ஈயோடு நடத்தும் போராட்டமாகவே கழிகிறது. வாலை வீசுதல், தோலைச் சிலிர்த்தல், தலையை உதறுதல், காலை உதைத்தல் ஆகிய யாவும் மேய்ச்சலுக்குரிய நேரத்தையும் ஆற்றலையும் பறிப்பன. பாலும் எடையும் குறைவதற்கு இது ஒரு காரணமாகிறது.

தொழுவத்தில் கட்டிய மாட்டை ஈயிடமிருந்து காக்க, மாலை வேளையில் வேப்பிலையும் நொச்சித் தழையும் இட்டு மூட்டம் போடுதல் தமிழகச் சிற்றூர்களின் வழக்கம். நான்கு மாடுகளும் ஒரு கூரையும் உள்ள இடத்தில் இம்முறை பயன் தரும். பல்லாயிரம் ஏக்கர் பரந்த புல்வெளியில், மனிதர் கண்ணில் மாதக்கணக்காகப் படாமல் மேயும் மாடுகளுக்கு மூட்டம் போடுவார் யார்? ஆஸ்திரேலியா எதிர்கொண்ட கேள்வி இதுவே. அக்கேள்விக்கு அந்நாடு முதலில் தேடிய விடைகள் மாட்டின் உடலைச் சுற்றியே அமைந்தன. பின்னரே பார்வை மாட்டின் உடலிலிருந்து தரையில் கிடந்த சாணத்திற்கு இறங்கியது. இப்பார்வை மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது, அதனால் விளைந்த பயனும் அதன் எல்லையும் யாவை என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

பெயர் காட்டுவதும் மறைப்பதும்

ஆஸ்திரேலிய மாடுகளைத் துன்புறுத்தும் ஈக்களுள் இரண்டு முதன்மையானவை. ஒன்று புதர் ஈ. மற்றொன்று எருமை ஈ. புதர் ஈ கடிப்பதில்லை. மனிதர், விலங்குகள் ஆகியோரின் கண், மூக்கு, வாய், புண் ஆகிய இடங்களில் ஊறும் ஈரத்தை நாடி மொய்ப்பது. எருமை ஈயோ குருதி உறிஞ்சுவது. ஆணும் பெண்ணும் இரவு பகலாக மாட்டின் மீதே தங்கி, ஒரு நாளைக்குப் பல முறை குருதி குடிக்கும். இதற்கு மிக நெருங்கிய உறவுடைய ஈ ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் உண்டு. கொம்பின் அடியில் கூட்டமாக அமரும் இயல்பினால் அது ஆங்கிலத்தில் கொம்பு ஈ எனப் பெயர் பெற்றது.

இப்பெயர்களை ஒருங்கு வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். புதர், எருமை, கொம்பு ஆகிய மூன்றும் ஈ காணப்படும் இடத்தையே சுட்டுகின்றன. அது பிறக்கும் இடத்தை எதுவும் சுட்டவில்லை. தமிழிலும் மாட்டு ஈ, நாய் ஈ என்று ஈ மொய்க்கும் விலங்கினைக் கொண்டே பெயரிடும் வழக்கு உண்டு. அறிவியல் பெயரும் இதற்கு விலக்கன்று. எருமை ஈ அடங்கும் பேரினத்தின் பெயரான ஹெமட்டோபியா என்பது குருதியையும் வாழ்வையும் குறிக்கும் கிரேக்கச் சொற்களால் ஆயது. ஈயின் உணவினை அப்பெயர் சொல்கிறது. அதன் தொட்டிலைச் சொல்லவில்லை.

அத்தொட்டில் மாட்டுச் சாணமே. எருமை ஈயின் பெண், மாடு சாணமிட்ட உடனே இறங்கி, சூடு ஆறாத அச்சாணத்தில் முட்டையிட்டு, மீண்டும் மாட்டின் மீது ஏறிவிடும். ஏறத்தாழ ஒரு நாளில் முட்டை பொரியும். புழு சாணத்தையே உண்டு வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, வெப்பமான பருவத்தில் பத்து நாள் அளவில் ஈயாக வெளிப்படும். புதர் ஈயும் சாணத்திலேயே பெருகுகிறது. ஆகவே ஈயின் தொகையை முடிவு செய்வது மாட்டின் குருதி மட்டுமன்று. சாணம் எத்தனை நாள் ஈரமாகவும் குலையாமலும் கிடக்கிறது என்பதும் ஆகும்.

மாடுகளின் வருகை

புதர் ஈ ஆஸ்திரேலியாவுக்கு மாட்டோடு வந்தது அன்று. 1688-ஆம் ஆண்டில் அக்கண்டத்தின் வடமேற்குக் கரையில் தங்கிய ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர், அங்கு வாழ்ந்த மக்கள் ஈக்களுக்கு அஞ்சிக் கண்ணிமைகளை எப்போதும் பாதி மூடியே வைத்திருந்ததாகத் தம் பயண நூலில் குறித்துள்ளார். மாடுகள் வருவதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஈத்தொல்லை இருந்தது என்பதற்கு இக்குறிப்புச் சான்றாகும்.

1788-ஆம் ஆண்டில் முதல் குடியேற்றக் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையில் வாங்கிய சில மாடுகளைச் சிட்னிக்குக் கொண்டுவந்தன. அவை சில மாதங்களுக்குள் காட்டினுள் ஓடி மறைந்தன. 1795-ஆம் ஆண்டில் நேப்பியன் ஆற்றங்கரையில் அவை பெருகிய மந்தையாய்க் கண்டறியப்பட்டன. மாட்டு மேய்ச்சல் நிலம் என்னும் பொருள்படும் பெயர் அவ்விடத்திற்கு வழங்கலாயிற்று. தானாகவே பெருகிய இம்மந்தை, இக்கண்டம் மாட்டிற்கு உகந்தது என்னும் நம்பிக்கையை விதைத்தது. 1970-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலிய மாடுகளின் தொகை ஏறத்தாழ 3 கோடி. ஒரு மாடு நாளொன்றுக்குப் பத்து முதல் பன்னிரண்டு முறை சாணமிடும். அவ்வாறாயின் நாள்தோறும் 30 கோடிக்கும் மேற்பட்ட சாணக் குவியல்கள் அந்நாட்டின் தரையில் விழுந்தன.

எருமை ஈயின் வருகை வேறு வழிப்பட்டது. 1820-களிலும் 1830-களிலும் வட ஆஸ்திரேலியக் கரையில் மெல்வில் தீவு, போர்ட் எசிங்டன் முதலிய இடங்களில் பிரித்தானியர் படைக் குடியிருப்புகளை அமைத்தனர். அவற்றின் உணவுத் தேவைக்காகத் திமோர் முதலான தீவுகளிலிருந்து எருமைகள் வரவழைக்கப்பட்டன. அவற்றுடன் ஈயும் வந்தது எனக் கருதுவர். குடியிருப்புகள் கைவிடப்பட்டன, எருமையும் ஈயும் நிலைத்தன. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் வடபகுதியில் அடங்கியிருந்த ஈ 1920-களின் இறுதியில் குயின்ஸ்லாந்து மாநிலத்தினுள் புகுந்தது. பின்னர்க் கிழக்குக் கரையை ஒட்டித் தெற்கே பரவி, நியூ சௌத் வேல்ஸ் மாநிலத்தின் வடபகுதியையும் எட்டியது. வந்த வழியின் நினைவாகவே அதன் பெயரில் எருமை நிற்கிறது. அதனால் பேரிழப்பு அடைந்தவர்களோ மாடு வளர்ப்போர்.

மாட்டின் உடலே போர்க்களம்

ஈயை மாட்டின் மீது கண்டவர்கள் அதனை மாட்டின் மீதே கொல்ல முற்பட்டது இயல்பு. நஞ்சு கலவாத முயற்சிகளுள் குறிப்பிடத்தக்கது ஈப்பொறி. 1938-ஆம் ஆண்டில் புரூஸ் என்னும் அமெரிக்கப் பூச்சியியலாளர் கொம்பு ஈக்கென ஒரு பொறியின் அமைப்பினை வெளியிட்டார். மாடுகள் நடந்து கடக்கக்கூடிய ஒரு கூண்டுப் பாதை அது. உள்ளே தொங்கும் துணிப்பட்டைகள் மாட்டின் முதுகையும் விலாவையும் துடைக்கும். எழும்பும் ஈக்கள் வெளிச்சத்தை நாடிப் பக்கச் சுவர்களுக்குச் செல்லும். அங்கே உள்ள வலைக்கூண்டுகள் உள்ளே நுழைய இடம் தரும்; வெளியேற வழி தரா. தண்ணீர்த் தொட்டிக்குச் செல்லும் வழியில் இப்பொறியை நிறுவினால், தாகமே மாட்டை அதனுள் செலுத்தும். இதனைப் பின்பற்றி எருமை ஈக்கெனக் கூடாரம் போன்ற பொறியை ஆஸ்திரேலிய அறிவியலாளரும் பிற்காலத்தில் உருவாக்கினர். எனினும் மாடுகள் ஒரே இடத்தில் தண்ணீர் குடிக்கும் பண்ணைகளுக்கே இம்முறை பொருந்தும். ஓடைகளும் குட்டைகளும் நிறைந்த மழைக்காலத்து நிலத்தில் மாடு பொறியை நாடி வருவதில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் டி.டி.டி. மேய்ச்சல் நிலங்களுக்கு வந்தது. அதன் பூச்சிக்கொல்லும் ஆற்றலைக் கண்டறிந்த பால் முல்லருக்கு 1948-ஆம் ஆண்டில் நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஒரு முறை தெளித்தால் பல நாள்கள் ஈ அண்டாத நிலை, அதுவரை எந்த மருந்தும் தராத பயன். ஆனால் அம்மருந்து கொழுப்பில் கரைந்து பாலிலும் இறைச்சியிலும் தங்கியது. 1949-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க வேளாண்துறை கறவை மாடுகளின் மீது அதனைத் தெளிக்கும் பரிந்துரையை விலக்கிக்கொண்டது. மண்ணில் தங்கிய எச்சமோ பின்னும் நெடுங்காலம் தொடர்ந்தது. 1987-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் ஏற்றுமதி மாட்டிறைச்சியில் இவ்வகை மருந்துகளின் எச்சம் கண்டறியப்பட்டு, அந்நாட்டு வணிகமே கலக்கமுற்றது.

1980-களின் தொடக்கத்தில் பைரித்திராய்டு மருந்து ஊறிய நெகிழி வில்லைகளை மாட்டின் காதில் பொருத்தும் முறை பரவியது. மாடு தலையை உதறும்போதும் உடலை நக்கும்போதும் மருந்து உடலெங்கும் பரவும். உழைப்பு மிகக் குறைவு என்பதால் பண்ணையாளர் இதனை விரும்பி ஏற்றனர். சில ஆண்டுகளுக்குள்ளாகவே ஈக்கள் எதிர்ப்புத் திறன் பெற்றன. வாழ்நாள் முழுவதையும் மாட்டின் மீதே கழிக்கும் ஈயை மருந்து இடைவிடாமல் தொட்டுக்கொண்டிருந்தது. மருந்தைத் தாங்கும் ஈக்களே எஞ்சிப் பெருகின. வில்லையின் வசதியே அதன் தோல்விக்கு வித்தாயிற்று எனலாம்.

சாணத்தை நோக்கிய பார்வை

மாட்டின் உடலில் இப்போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே வேறொரு வினா எழுந்தது. அதனை எழுப்பியவர் ஹங்கேரியில் 1924-ஆம் ஆண்டில் பிறந்த ஜார்ஜ் பார்னமிசா. போருக்குப் பின் ஐரோப்பாவை விட்டு நீங்கி, 1950-ஆம் ஆண்டின் முடிவில் மேற்கு ஆஸ்திரேலியாவை அடைந்த பூச்சியியலாளர் அவர். அங்குள்ள மேய்ச்சல் நிலங்களில் உலர்ந்து இறுகிய சாணக் குவியல்கள் எங்கும் பரந்து கிடப்பதைக் கண்டார். அவர் பிறந்த நாட்டில் அக்காட்சி இல்லை. அங்கே சாண வண்டுகள் சாணத்தை விரைந்து சிதைத்து மண்ணுக்குள் கொண்டுசென்றுவிடும். ஆஸ்திரேலியாவில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இயல்பாகத் தோன்றிய ஒன்று, வெளியிலிருந்து வந்த கண்ணுக்குக் குறையாகத் தோன்றியது.

ஆஸ்திரேலியாவில் சாண வண்டுகள் இல்லாமல் இல்லை. நானூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் அங்கே உண்டு. ஆனால் அவை கங்காரு முதலிய பைப்பாலூட்டிகளின் சிறிய, உலர்ந்த, நார்த்தன்மை மிக்க புழுக்கைகளோடு பல்லாயிரம் தலைமுறை வாழ்ந்து பழகியவை. மாடு இடும் பெரிய, நீர்த்த சாணம் அவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் பயன்படவில்லை. குடியேறியவர்கள் மாட்டைக் கொண்டுவந்தனர். மாட்டின் சாணத்தோடு வாழப் பழகிய வண்டுகளைக் கொண்டுவரவில்லை. இவ்விடைவெளியில் பெருகியதே ஈ.

சாண வண்டின் செயல் எளியது. புதிய சாணத்தின் மணத்தால் ஈர்க்கப்பட்டு வரும் வண்டுகள் அதன் அடியில் மண்ணைத் துளைத்துச் சுரங்கம் அமைக்கின்றன. சாணத்தை உள்ளே இழுத்துச் சென்று உருண்டையாக்கி, உருண்டைக்கு ஒரு முட்டை வீதம் இடுகின்றன. வண்டுகள் மிகுந்திருந்தால் ஒரு சாணக் குவியல் ஓரிரு நாளில் தூளாகிவிடும். ஈயின் முட்டையும் இளம்புழுவும் உலர்ந்தும் நசுங்கியும் உணவின்றியும் அழியும். வண்டின் உடலில் தொற்றிப் பயணம் செய்யும் சிறு பேன்போன்ற சிலந்தியினங்கள் சாணத்தில் இறங்கி ஈயின் முட்டைகளை உண்பதும் உண்டு. மண்ணுக்கோ எருவும் காற்றும் நீரும் ஒருங்கே கிடைக்கின்றன. 1960-ஆம் ஆண்டில் வெளியான தம் கட்டுரையில், சாணம் உண்ணும் பூச்சிகள் மேய்ச்சல் நிலத்தை மேம்படுத்துமா என்னும் வினாவை பார்னமிசா முன்வைத்தார். ஈயை எவ்வாறு கொல்வது என்னும் வினா, சாணம் ஏன் அப்படியே கிடக்கிறது என்னும் வினாவாக மாறியது இங்கேதான்.

இரண்டு முன்நிகழ்வுகள்

வேற்று நாட்டு உயிரினத்தைப் புகுத்தும் திட்டத்தை ஆஸ்திரேலியர் எளிதில் ஏற்கும் நிலையில் இல்லை. நன்மைக்கு ஒன்றும் தீமைக்கு ஒன்றுமாக இரண்டு முன்நிகழ்வுகள் அவர்கள் நினைவில் இருந்தன.

முதலாவது சப்பாத்திக் கள்ளி. குயின்ஸ்லாந்தின் பெரும் நிலப்பரப்பை மூடிய இக்கள்ளியை, தென் அமெரிக்காவிலிருந்து 1925-ஆம் ஆண்டில் கொண்டுவரப்பட்ட ஓர் அந்துப்பூச்சி சில ஆண்டுகளில் அழித்தது. இவ்வகை முயற்சிக்குத் தென்னிந்தியாவில் பழைய முன்மாதிரி உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியாவில் கள்ளியைத் தாக்கி அழித்த ஒரு செதில்பூச்சி, 1860-களில் அதே நோக்கத்துடன் இலங்கைக்குக் கொண்டுசெல்லப்பட்டது. குயின்ஸ்லாந்து அரசு 1912-ஆம் ஆண்டில் அனுப்பிய ஆய்வுக்குழு இந்தியாவிற்கும் இலங்கைக்கும் வந்தமை இங்கு நினைக்கத்தக்கது.

இரண்டாவது கரும்புத் தேரை. கரும்பைத் தாக்கும் வண்டினை ஒழிக்க 1935-ஆம் ஆண்டில் ஹவாயிலிருந்து கொண்டுவரப்பட்ட இத்தேரை, அவ்வண்டினை ஒழிக்கவில்லை. தானே பெருகி, தன் நஞ்சினால் நாட்டு விலங்குகள் பலவற்றுக்குக் கேடாயிற்று. பின்னாளில் சாணக் குவியலருகே காத்திருந்து சாண வண்டுகளையும் அது விழுங்கியது. ஒரு பிழை மற்றொரு திருத்தத்தையும் தடுக்கும் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

வண்டுகளின் பயணம்

காமன்வெல்த் அறிவியல், தொழிலக ஆராய்ச்சி நிறுவனம் 1965-ஆம் ஆண்டில் சாண வண்டுத் திட்டத்தைத் தொடங்கியது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அது நடைபெற்றது. யானை, எருமை, மான் முதலியவற்றின் சாணத்தோடு எண்ணற்ற வண்டினங்கள் வாழும் ஆப்பிரிக்காவே முதன்மையான தேடுகளமாயிற்று. தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் ஆய்வு நிலையம் ஒன்று அமைந்தது.

சாணத்தில் புரளும் பூச்சியைக் கொண்டுவருவது கால்நடை நோய்களையும் உடன்கொண்டு வருவதாகலாம். கோமாரி முதலிய நோய்கள் புகுந்தால் ஈயினும் பன்மடங்கு கேடு விளையும். எனவே வண்டுகள் நேரே கொண்டுவரப்படவில்லை. அவற்றின் முட்டைகளைச் சாண உருண்டையிலிருந்து பிரித்தெடுத்து, கிருமிநீக்க மருந்தில் கழுவி, கான்பராவிலுள்ள தொற்றுத்தடை நிலையத்திற்கு அனுப்பினர். அங்கே ஆஸ்திரேலிய மாட்டுச் சாணத்தைக் கையால் உருட்டி, உருண்டைக்கு ஒரு முட்டையாக வைத்து வளர்த்தனர். தாய் வண்டு மண்ணுக்குள் செய்யும் பணியை மனிதர் ஆய்வுக்கூடத்தில் செய்தனர்.

முதலில் விடப்பட்ட வண்டுகளுள் ஒன்று, ஆப்பிரிக்காவிலிருந்து 1957-ஆம் ஆண்டில் ஹவாய்க்குச் சென்று, அங்கிருந்து ஆஸ்திரேலியாவுக்கு வந்த ஓரினமாகும். அதன் பேரினப் பெயராக அன்று வழங்கிய ஆன்தோபேகஸ் என்பதற்குச் சாணம் உண்பது என்பதே பொருள். ஈயின் பெயர் குருதியைச் சுட்ட, வண்டின் பெயர் சாணத்தைச் சுட்டுவது பொருத்தமுடையது. 1960-களின் இறுதியில் டவுன்ஸ்வில் பகுதியில் விடப்பட்ட இவ்வினம் ஓரிரு ஆண்டுகளில் கடற்கரையை ஒட்டிப் பல நூறு கிலோமீட்டர் பரவியது. திட்டக் காலத்தில் 43 இனங்கள் வெளியில் விடப்பட்டன. அவற்றுள் 23 நிலைபெற்றன. எஞ்சியவை மண், மழை, குளிர், பகைவிலங்கு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றினால் தழைக்கவில்லை.

விளைவும் எல்லையும்

வண்டுகள் மிகுந்த இடங்களில் சாணம் ஓரிரு நாளில் மறைந்தது. புதர் ஈயின் தொகை பல பகுதிகளில் வெகுவாகக் குறைந்தது. முகத்தில் மொய்க்கும் ஈயை ஓயாமல் கையால் விலக்கும் அசைவினை ஆஸ்திரேலிய வணக்கம் என்று அந்நாட்டவர் எள்ளலாகக் கூறுவர். அச்சொல்வழக்கின் தேவை சில ஊர்களில் குறைந்தது எனலாம்.

எனினும் ஈ ஒழிந்துவிடவில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்பகுதியில் கோடைகாலத்தில் வண்டுகள் மிகுதி. இளவேனிலின் தொடக்கத்தில் அவை இல்லை. அவ்விடைவெளியில் ஈ பெருகியது. அதனை நிரப்ப, இளவேனிலில் இயங்கும் ஐரோப்பிய வண்டினங்கள் 2010-களில் கொண்டுவரப்பட்டன. எருமை ஈயின் நிலை இன்னும் கடினம். மாட்டின் மீது வாழும் ஈ, சாணம் விழுந்த கணமே முட்டையிட்டுவிடுவதாலும், வெப்பமும் மழையும் இணைந்த காலத்தில் அது மிக விரைந்து வளர்வதாலும், வண்டு பிந்தினால் ஈ முந்திவிடும். வட ஆஸ்திரேலியப் பண்ணைகளுக்கு வில்லையும் தெளிப்பும் பொறியும் இன்றும் தேவைப்படுகின்றன.

இங்கே மற்றொரு முரண் தோன்றியது. 1981-ஆம் ஆண்டில் கால்நடை மருந்தாக விற்பனைக்கு வந்த ஐவர்மெக்டின் குடற்புழுக்களையும் உண்ணிகளையும் அழிப்பதில் ஈடற்றது. அதனைக் கண்டறிந்த கேம்பல், ஒமுரா ஆகியோர் 2015-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர். ஆனால் மருந்தின் பெரும்பகுதி சாணத்தின் வழியே வெளியேறுகிறது. அச்சாணத்தில் வண்டுகளின் இளம்புழுக்கள் வளர இயலாமையை 1987-ஆம் ஆண்டில் வெளியான பிரித்தானிய ஆய்வு உலகின் கவனத்திற்குக் கொண்டுவந்தது. மாட்டின் உடலுக்கு நலம் தரும் மருந்து, ஈயின் பகைவனை அதன் தொட்டிலிலேயே கொல்லக்கூடும். ஆகவே எந்த மருந்தை எந்தப் பருவத்தில் கொடுப்பது என்பது, வண்டுகள் இயங்கும் காலத்தையும் கருதி முடிவு செய்யவேண்டியதாயிற்று.

முடிவுரை

இவ்வரலாறு வண்டின் வெற்றிக்கதை மட்டுமன்று. மாட்டின் உடலில் ஈயைத் துரத்திய முறைகள் யாவும் ஒரு காலத்தில் பயன் தந்தவையே. இன்றும் முற்றிலும் கைவிடத்தக்கவை அல்ல. ஆனால் அவை ஒவ்வோர் ஆண்டும் மீண்டும் செய்யப்படவேண்டியவை. ஈ அவற்றுக்குப் பழகிவிடும் தன்மையது. சாணத்தை நோக்கிய முறையோ ஈயை முற்றும் அழிப்பதாக உறுதி கூறவில்லை. ஈ பெருகும் இடத்தைச் சுருக்கியது. நிலைபெற்ற வண்டுக்கு ஆண்டுதோறும் செலவில்லை.

தமிழில் எரு என்னும் சொல் சாணத்தையும் குறிக்கும். நிலத்திற்கு இடும் உரத்தையும் குறிக்கும். வீட்டருகே மாடு வளர்த்து, அதன் சாணத்தை அன்றன்றே அள்ளி வறட்டியாகவும் மெழுகாகவும் உரமாகவும் பயன்படுத்திய மக்களின் வழக்கில் இவ்விரு பொருளும் ஒரே சொல்லில் அடங்கின. அள்ளும் கை இருந்த இடத்தில் சாணம் கழிவாகக் கிடக்கவில்லை. கை எட்டாத பரந்த புல்வெளியில் அப்பணியைச் செய்ய வண்டு தேவைப்பட்டது. ஆஸ்திரேலியா 1788-இல் மாட்டை ஏற்றியபோது வண்டினையும் ஏற்றவேண்டும் என்று எவரும் எண்ணவில்லை. விட்டுப்போன அச்சிறு பயணியைத் தேடிச் செல்ல அந்நாட்டிற்கு ஏறத்தாழ 180 ஆண்டுகள் பிடித்தன.